நம்பிக்கைக்குப் புதுப்பிப்புக் கட்டணம்

சூ செயின்ட் மேரி, ஒன்டாரியோ, கனடா
28 மார்ச் 2025

அன்புள்ள ஒத்தாவியோ அண்ணாவுக்கு,

உங்கள் முழங்காலும் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சு கேட்கின்றன என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நுன்ஸியோவுக்கு உடம்பு சுகம். ஞாபகம் எப்படியென்று உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இரண்டு வியாழக்கிழமை நீங்கள் வரவில்லை. போன் செய்து பார்த்திருப்பீர்கள். அதன் கம்பியைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். மணி அடித்தால், இரும்பாலையில் ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று இவர் எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொள்கிறார். போன வாரம் பனியில் தெருமுனை வரை போய்விட்டார். கைபேசியை இவர் சூப்புப் பானையில் போட்டதோடு அந்தக் கதையும் முடிந்தது. இனி கடிதம்தான். எங்கள் மாடியில் நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் தெரு தெரிகிறது. கடிதம் மட்டும் டொரான்டோவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

இவர் தாடி முள்ளுமுள்ளாக வளர்ந்து கிடக்கிறது. நேற்று நானே ரேசரை எடுத்தேன்.

"யாரும்மா நீ? கத்தியோட வர்ற?"

"உங்க பொண்டாட்டிங்க."

"பொய் சொல்லாத. அவளுக்கு எதுக்குக் கத்தி? வாயே போதும்."

சிரித்துவிட்டேன். ஆனால் பக்கத்தில் போனதும் கையை ஓங்கிவிட்டார். "சால்வத்தோரே எங்க? இன்னிக்கு வியாழக்கிழமைதானே?" என்று பகல் முழுக்கக் கேட்டார். ஆலை வாசலில் சவரக்கடை வைத்திருந்த சால்வத்தோரே செத்து முப்பது வருடம் ஆகிறது. இவருக்கு நீங்கள்தான் சால்வத்தோரே. நீங்கள் வந்து முகத்தில் சோப்பு போட்டு, உலகச் செய்தி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும் அந்த ஒரு மணி நேரம்தான் இவர் மனிதராக இருக்கிறார். அதுவும் பத்து மணிக்குள். அதற்கு மேல் எல்லோரும் திருடர்கள்.

ஏன் வரவில்லை?

அன்புடன்,
எர்சிலியா

பி.கு.: கடைசியாக வந்தபோது உங்கள் வண்டியில் மாற்றுச் சக்கரத்துக்கு அடியில் ஒன்று வைத்தேன். இந்த வருடத்து சாசேஜ், சோம்பு கொஞ்சம் தூக்கல். சொன்னால் வேண்டாம் என்பீர்கள். நம் அம்மா யாரையாவது வீட்டிலிருந்து வெறுங்கையோடு அனுப்பினாளா, சொல்லிவிட்டுத்தான் வைத்தாளா? கிடைத்ததா?

~

சூ செயின்ட் மேரி, மிச்சிகன், அமெரிக்கா
8 ஏப்ரல்

அன்புத் தங்கை எர்சிலியாவுக்கு,

உன் கடிதம் ஒன்றரை மைல் தூரத்தைப் பதினோரு நாளில் கடந்து வந்து சேர்ந்தது. நான் நலம். முழங்கால் தனக்கென்று ஒரு கருத்து வைத்திருக்கிறது. நான் அதோடு வாதாடுவதில்லை.

வராததற்குக் காரணம் சொல்கிறேன், கோபப்படாதே. பாலத்தில் காத்திருக்காமல் தனிப்பாதையில் விடும் என்னுடைய நம்பகப் பயணி அட்டை மார்ச் பதினேழோடு, அதாவது என் பிறந்த நாளோடு, முடிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முன்பு ஐம்பது டாலர் கட்டினால் இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து என்னை நம்பின. இப்போது நூற்றிருபது. எழுபத்தாறு வயதில் நான் முன்பைவிட இரண்டு மடங்கு சந்தேகத்துக்குரியவன் ஆகியிருக்கிறேன் என்றல்லவா பொருள்? சீசர் ஆற்றைக் கடந்தபோது யாரும் கட்டணம் கேட்கவில்லை. பிற்பாடு வேறு விதமாக வசூலித்தார்கள் என்பது உண்மைதான். முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக் கொடுத்தவன், விலை ஏறிய நம்பிக்கையை வாங்கமாட்டேன். இது கொள்கை.

சாதாரண வரிசையில் வருகிறேன். மாப்பிள்ளையிடம் சால்வத்தோரே கடையில் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி வை.

சாசேஜ் கிடைத்தது. பொலெந்தாக் களியோடு சாப்பிட்டேன். சோம்பு சரியாகவே இருந்தது.

அன்புள்ள அண்ணன்,
ஒத்தாவியோ

~

9 ஏப்ரல்

பெறுநர்: மறுபரிசீலனை அலுவலர், நம்பகப் பயணிகள் பிரிவு

ஐயா,

தாங்களும் தங்கள் அலுவலகமும் நலமென்று கருதுகிறேன்.

மார்ச் 13 மாலை, கனடாவிலிருந்து பாலம் வழியாகத் திரும்பும்போது, நம்பகப் பயணிகளுக்கான பாதையில் என் அட்டை பறிமுதல் செய்யப்பட்டது. "ஏதாவது கொண்டு வர்றீங்களா?" என்று உங்கள் இளம் அதிகாரி கேட்டார். "கொஞ்சம் லத்தீன் இலக்கணம்" என்றேன். அதற்கு மேல் அவர் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தார். மாற்றுச் சக்கரத்துக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய வீட்டுத் தயாரிப்புப் பன்றி சாசேஜ் ஒன்று இருந்தது. நகைச்சுவை தவறான இடத்தில் அமைந்துவிட்டது, சாசேஜும் அப்படியே.

அதை வைத்தது நான்தான். வைத்ததை மறந்துவிட்டேன். வயது.

இருபது வருடம் ஒரு புகாரும் இல்லாமல் அந்தப் பாதையில் போய்வந்திருக்கிறேன். அட்டையின் காலமும் இப்போது முடிந்துவிட்டது. புதுப்பிக்க அனுமதித்தால், உயர்த்தப்பட்ட கட்டணத்தை முணுமுணுக்காமல் கட்டுவேன். வியாழன்தோறும் காலை ஒன்பதுக்குள் மறுகரையில் ஒருவருக்கு முகச்சவரம் செய்ய வேண்டியிருக்கிறது. அவர் வேறு யாரையும் அனுமதிப்பதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஒத்தாவியோ பெர்ரி

~

25 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

கன்னத்தில் பட்ட அடி வீங்கியிருக்கிறதா? ஐஸ் வைத்தீர்களா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அவர் வேண்டுமென்று அடிக்கவில்லை. நேற்று நீங்கள் வந்தபோது மணி பதினொன்று. ஏழு மணியிலிருந்து ஜன்னலடியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது வரை நல்ல மனிதர். பத்தரைக்கு, "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று துண்டைத் தூக்கி எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு உள்ளே வந்தால் அவருக்கு நீங்கள் திருடன். நீங்களும் சும்மா இல்லாமல், "திருட என்ன இருக்கு இங்க? உன் தாடியா?" என்றீர்கள்.

அண்ணா, அந்தப் பாதை இருந்தால் நீங்கள் எட்டரைக்கு வந்துவிடுவீர்கள். எழுபது டாலர் வித்தியாசத்துக்கா இவ்வளவும்? உங்கள் கொள்கைகளை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஐஸ்கிரீம் விலை ஏறிய வருடமும் உங்களுக்கு ஒரு கொள்கை இருந்தது.

இதோடு கட்டணம் முழுவதையும் வைத்திருக்கிறேன், உங்கள் நாட்டுப் பணத்தில். கடன் இல்லை, பிறந்த நாள் பரிசு. தயவுசெய்து புதுப்பித்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
எர்சிலியா

~

19 மே

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சமாதானமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். என் கன்னம் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. அடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரும்பாலைக் கை.

பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பரிசை மறுக்கும் உரிமை எனக்கு உண்டு. கஞ்சன் என்று நீ சொல்லலாம். அந்தப் பட்டத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது, ஆயுள் சந்தா.

சென்ற வியாழன் அதிகாலையிலேயே கிளம்பினேன். பாலத்தில் பெயின்ட் அடிக்கிறார்கள். ஒரே ஒரு பாதைதான் திறந்திருக்கிறது. நம்பகமானவர்களை மட்டும் ஓரமாக அனுப்பினார்கள். எங்கள் வரிசை பாலத்தின் உச்சியில் நின்றுவிட்டது. இரண்டு நாடுகளையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், இரண்டிலும் இறங்க முடியாது. பிறகு பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. காரணம் உடல் சம்பந்தப்பட்டது. விவரிக்கும் அளவுக்கு முக்கியமில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்: கடையில் வெள்ளையடிப்பு நீண்டுகொண்டே போகிறது, மேஸ்திரி சரியில்லை.

ஒத்தாவியோ

~

6 ஜூன்

அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

பாலத்தில் பாதியில் திரும்ப வழி கிடையாது அண்ணா. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். ஏறினால் எங்கள் பக்கம் இறங்கித்தான் ஆக வேண்டும். சோதனைச் சாவடி வரை வந்திருக்கிறீர்கள். அங்கிருந்து என் வீடு பத்து நிமிடம். வாசல் வரை வந்து ஒரு காபி குடிக்காமல் திரும்பியிருக்கிறீர்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபிலோமினா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "உன் அண்ணன் சுகந்தானா? பாலத்துக்குக் காசு சேர்த்துட்டு இருக்காரோ?" நான் திருப்பிக் கொடுத்தேன்: "உன்னை விட்டுட்டுப் போன புருஷன் பக்கத்துத் தெருவுல இருந்துக்கிட்டே உன்னைப் பார்க்க வர்றதில்லையே, அவர் என்ன சேர்க்கிறாரு?" ஆனால் வீட்டுக்கு வந்து, அவள் கேட்டதில் என்ன தப்பு என்று யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை உதவிக்கு வந்த நர்ஸ் மின்சார ரேசரால் ஒரு பக்கம் மழித்தாள். அந்தச் சத்தத்துக்கு இவர் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. பாதி முகத்தோடு இருக்கிறார். பராமரிப்பு இல்லத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். தனியாக என்னால் முடியவில்லை.

இனி நீங்கள் வர வேண்டாம். கொள்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்சிலியா

~

24 ஜூன்

திரு. ஒத்தாவியோ பெர்ரி அவர்களுக்கு,

தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. அறிவிக்கப்படாத இறைச்சியைத் தாங்களே வைத்ததாகக் கூறியிருப்பதால் உறுப்பினர் தகுதியை மீட்டளிக்க இயலவில்லை. புதுப்பிப்புக்கான கட்டணமும் ஏற்கப்படமாட்டாது.

எனினும், மேற்படி பொருளைச் சுற்றியிருந்தது மறுகரை நகரத்துச் செய்தித்தாள் என்று அதிகாரியின் குறிப்பில் காண்கிறோம். பொருளைத் தங்களுக்குத் தெரியாமல் வேறு ஒருவர் வைத்திருந்தால், அவருடைய பெயர், முகவரி, உறவுமுறை ஆகியவற்றை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கவும். அவரிடம் விளக்கம் பெறப்பட்டு, அவரது பயணப் பதிவில் உரிய குறிப்பு சேர்க்கப்படும். அதன்பின் தங்கள் மனு மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

மறுபரிசீலனை அலுவலர்

~

3 ஜூலை

ஐயா,

தங்கள் கடிதம் கண்டேன். செய்தித்தாளைக்கூட வாசிக்கும் அதிகாரிகள் நம் எல்லையில் இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி.

பெயர் என்ற இடத்தில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அவர் அதை அன்பினால் வைத்திருப்பார். நீங்கள் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போடுவீர்கள். அதை அவர் சமையலறையில் நின்று பிரிப்பார். தன் வீட்டுக்காரருக்கு இருந்த கடைசி நல்ல மணி நேரத்தைத் தன் கையாலேயே சுற்றிச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டோம் என்பது அவருக்கு அந்த நிமிடத்தில் தெரியும். அட்டை ஐந்து வருடத்துக்குச் செல்லும். அந்த நினைப்பு அதைவிட நீண்ட நாள் செல்லும்.

ஆகையால் வைத்தது நானே. என் மனுவை மூடிவிடலாம்.

ஒத்தாவியோ பெர்ரி

~

21 ஆகஸ்ட்

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. தபால்துறையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருத்தம் இராது, பழகியிருக்கும். நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

மாப்பிள்ளையை இல்லத்தில் சேர்த்ததை உங்கள் கோயில் ஃபாதர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாலும் நேற்று வந்தேன். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். பிற்பகல் மூன்று மணி. ஜன்னல் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். முகம் மழமழவென்று இருந்தது. மருந்து கொடுத்துவிட்டு மெஷினால் மழிக்கிறார்களாம். கூச்சலே இல்லை என்று அங்கே வேலை பார்க்கும் பெண் பெருமையாகச் சொன்னாள்.

என்னை நெடுநேரம் பார்த்தார்.

"கடை மூடிட்டாங்களா?" என்றார்.

"ஆமா மாப்பிள்ளை. மூடியாச்சு."

"நல்ல மனுஷன். பொய் மட்டும் நிறையச் சொல்லுவான்."

"தெரியும்."

நான் கை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருடன் என்று நினைக்கவில்லை. யாரென்றும் நினைக்கவில்லை.

மே மாதம் உன் வீட்டுக்கு வராமல் திரும்பியதைக் கேட்டிருந்தாய். பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். என் வயதில் சிறுநீர்ப்பைக்குக் கொள்கை கிடையாது. மாற்று உடை கொண்டு வரவில்லை. அந்தக் கோலத்தில் தங்கை வீட்டுப் படியேற மனம் வரவில்லை. இதை இரண்டாவது முறை எழுதமாட்டேன்.

உன் கோபம் தணிந்தபின் ஒரு வரி எழுது.

ஒத்தாவியோ

~

9 நவம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

என்னைக் கொண்டுவந்து விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. நீங்கள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

அடக்கத்துக்கு நீங்கள் வந்ததற்கு நன்றி சொல்லக் கூடாது, அண்ணனுக்கு யார் நன்றி சொல்வார்கள்? அவர் போன அன்று போன் கம்பியை மாட்டியதும் முதலில் பேசியது உங்களிடம்தான். அழுதுகொண்டே ஏதோ சொன்னேன். "வர்றேன்மா" என்று மட்டும் சொன்னீர்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் நீங்கள் அவர் காதில் குனிந்து என்னவோ சொன்னீர்கள். ஃபிலோமினா ஜெபம் என்று நினைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும், ஏதோ பொய்ச் செய்தி.

அடக்கம் முடிந்து என்னை ஒரு வாரம் உங்களோடு தங்கக் கூட்டிப்போனீர்கள் அல்லவா. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். வண்டியில் பேச வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் ஏழு நாளும் வரவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கச் சாவடியில் ஓர் இளம் அதிகாரி உங்கள் கடவுச்சீட்டைக் கணினியில் பார்த்தான். சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். "என்ன சார், இன்னிக்காவது டிக்கியில சாசேஜ் இல்லாம வந்திருக்கீங்களா? மார்ச்ல அட்டையே போச்சே ஒரு சாசேஜால?" என்று கேட்டான். நீங்கள் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தீர்கள். அவன் திறந்தான், சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தான், மூடினான். "போங்க சார், துக்க வீடா? மன்னிக்கணும்" என்றான். நல்ல பிள்ளைதான்.

நீங்கள் ரேடியோவைப் போட்டீர்கள். நான் பொலெந்தாவை நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் அண்ணா. நான் உங்களுக்குக் காசு அனுப்பினேன். வர வேண்டாம் என்று எழுதினேன். ஊரே உங்களைக் கஞ்சன் என்றது, நானும் சொன்னேன். ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, எழுதியிருந்தால் என்னவாகியிருப்பேன் என்று யோசித்தேன். ஜூன் மாதம் அவர் பாதி முகத்தோடு உட்கார்ந்திருந்தபோது அது எனக்குத் தெரிந்திருந்தால், நான் தாங்கியிருக்கமாட்டேன். இப்போதும் தாங்குகிறேன் என்று சொல்லமாட்டேன்.

அட்டை கொடுக்கும் உங்கள் எல்லை அலுவலகத்துக்கு நான் எழுதினேன். சாசேஜ் என்னுடையது, அண்ணனுக்குத் தெரியாது, தண்டனை எனக்குக் கொடுங்கள் என்று. நேற்று பதில் வந்தது. என் பெயரில் குறிப்பு எழுதிக்கொண்டார்களாம். நீங்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம், நூற்றிருபது டாலர் கட்டினால் போதும் என்கிறார்கள். ஐந்து வருடம் நம்புவார்கள்.

கட்டாதீர்கள். காலை பத்து மணிக்குள் யாரும் இங்கே உங்களுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அந்த வரிசையில் நீங்கள் இனி நிற்கவும் வேண்டாம்.

நான் வருகிறேன், வியாழக்கிழமைகளில். என்னிடம் அட்டை கிடையாது, என் பெயரில் குறிப்பு வேறு இருக்கிறது, நிறுத்தித்தான் விடுவார்கள். எத்தனை மணி நேரம் ஆனாலும் வண்டியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். வீட்டிலும் அதைத்தான் செய்கிறேன். என்ன கொண்டு வருகிறாய் என்று அந்தப் பிள்ளை கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். திறந்து பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் மகள் முதல் தடவையாக அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறாள்.

வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள். எந்நேரம் வந்து சேர்வேனோ தெரியாது.

உங்கள் தங்கை,
எர்சிலியா